புகார் கொடுக்கப் போன கதை: ரெண்டரை ஸ்டார்

நான் எல்லாத்துக்கும் ரிவ்யூ எழுதுறவ. கடைக்கு வாங்கின ஓவர்லாக் மிஷினுக்கு எழுதியிருக்கேன், அதோட மோட்டார் பதினோராவது மாசம் புகைஞ்சப்ப மறுபடியும் எழுதினேன். பிரியாணிக் கடைக்கு, ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த பையனுக்கு, நவக்கிரக டூர் கூட்டிட்டுப் போன வேனுக்குன்னு எல்லாத்துக்கும் எழுதியாச்சு. முன்னாடி போனவ என்ன கிடைச்சுதுன்னு பின்னாடி வர்றவளுக்குச் சொல்லணும், அவ்வளவுதான்.

இது ஒரு சேவைக்கான ரிவ்யூ. சென்னையில ஒரு பொண்ணுக்கு பாலியல் வன்கொடுமை நடந்தா அதைப் புகாராக் கொடுக்கிற சேவை. கட்டணம் கிடையாதுன்னு சொல்றாங்க. போன வருஷம் ஆவணியில அதை ஆரம்பத்துலேருந்து பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். எனக்காகப் போகல, என் தையல் கடையில வேலை பார்க்கிற பொண்ணுக்காகப் போனேன்.

பேரு, ஏரியா, ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எதுவும் இதுல இருக்காது. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியற மாதிரி எழுதினா அதுவே குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புதுக் குற்றச் சட்டத்துல 72-வது பிரிவு. அடையாளம் தெரியற விவரங்களை மாத்தியிருக்கேன், துணியோட கலரைக்கூட மாத்தியிருக்கேன். அவகிட்ட ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். மூணு வரியை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன்.

அவளை மல்லின்னு வச்சுக்குவோம். வயசு 23. அக்கா வீட்டுல தங்கி வேலைக்கு வந்துட்டு இருந்தா. ஃபால்ஸ் அடிக்கிறதுல என் கடையில அவளை மிஞ்ச ஆள் இல்ல. மிஷின்ல உட்கார்ந்தா தலை நிமிர மாட்டா. அந்தப் புதன்கிழமை ஒரு முகூர்த்தப் பட்டுக்கு ஃபால்ஸை முந்தானைப் பக்கம் வச்சு முழுசா அடிச்சு முடிச்சிருந்தா. பத்து வருஷத்துல எந்தப் பொண்ணும் செய்யாத தப்பு. திட்டத்தான் கிட்ட போனேன். குனிஞ்ச தலையோட நூலைப் பிரிச்சுக்கிட்டே கேட்டா: "அக்கா, இன்னிக்கு ராத்திரி நான் இங்கேயே படுத்துக்கட்டுமா?"

ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உட்கார்ந்தோம். நடந்தது சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு கடை லீவு. திங்களும் செவ்வாயும் வந்து வேலை பார்த்திருக்கா. சீசன் நேரம், ரெண்டு நாள்ல 26 புடவை முடிச்சிருக்கா, நோட்டுல இருக்கு. நானும் அந்த ரெண்டு நாள் அவ எதிர்லதான் கட்டிங் டேபிள்ல நின்னுட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல.

செஞ்சவன் அவ அக்கா வீட்டுக்காரன்.

இதை வெளியூர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். நம்ம ஊர்ல அக்கா புருஷன்னா மாமா. மச்சினிகிட்ட கிண்டல் பேச அவனுக்கு முறை இருக்கு. கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் "ரெண்டாந்தாரமா வந்துடறியா"ன்னு கேட்பான், எல்லாரும் சிரிப்பாங்க, பெத்தவளும் சிரிப்பா. கை படுற வரைக்கும் முறை, கை பட்டப்புறமும் "மாமாதானே, விளையாட்டுக்கு". எந்த இடத்துல விளையாட்டு முடிஞ்சுதுன்னு அவ கோடு போட்டுக் காட்டணும். 2022-ல நாடு முழுக்க 31,516 பலாத்கார வழக்கு பதிவாச்சு. அதுல நூத்துக்கு 95-க்கு மேல தெரிஞ்ச ஆளுங்கதான். இருட்டுச் சந்து, முகம் தெரியாத ஆள்னு நாம பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்து வச்சிருக்கிறது மிச்சம் இருக்கிற அஞ்சுக்குத்தான்.

என்கிட்ட சொன்னது முதல் தடவை. அப்பலேருந்து எண்ண ஆரம்பிச்சேன். அளவு எடுக்கிறவளுக்கு எண்ணாம இருக்க வராது.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனா பயந்தவர். "எதுக்கும்மா வம்பு? 2021-ல ஒரு பொம்பளை எஸ்.பி. தன் மேலதிகாரி மேல புகார் கொடுக்க சென்னைக்கு வந்தப்ப செங்கல்பட்டுகிட்ட போலீஸே வண்டியை மறிச்சுது. யூனிஃபார்ம் போட்ட அம்மாவுக்கே அந்தக் கதி"ன்னார். அவர் சொன்னது நிஜம்தான். அந்தம்மா விடாம நின்னு 2023-ல விழுப்புரம் கோர்ட்டுல அந்த அதிகாரிக்கு மூணு வருஷம் தண்டனை வாங்கிக் கொடுத்தாங்க. அதையும் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஐ.பி.எஸ். இருந்துச்சு, இவளுக்கு என்ன இருக்கு?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. காலையில ஆறு மணிக்கு எழுந்து அவரே ஆட்டோ பிடிச்சுக் கொடுத்தார்.

முதல்ல போனது கிட்ட இருந்த சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன். ஒரு ஸ்டார். அங்க எழுதுறவரை ரைட்டர்னு சொல்லுவாங்க. வாசல் பக்கத்து மேஜை, சுத்தி சைக்கிள் காணாமப் போனவர், பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொட்டுறான்னு வந்தவர். நடுவுல மல்லி நின்னுக்கிட்டே சொன்னா. ரெண்டாவது தடவை. பாதியில ரைட்டர் கையைக் காட்டினார். "இது மகளிர் ஸ்டேஷன் மேட்டர்மா. சம்பவம் நடந்த இடமும் நம்ம எல்லை இல்ல." எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகாரை வாங்கி, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு சட்டம் இருக்கிறது அன்னிக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்து மகளிர் ஸ்டேஷன். தமிழ்நாட்டுல முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல நம்ம ஆயிரம் விளக்குலதான் தொறந்தாங்க. அப்ப நான் மிஷின் பழகிட்டு இருந்த சின்னப் பொண்ணு. பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஸ்டேஷன்னு எங்க டீச்சரம்மா பெருமையாச் சொன்னது ஞாபகம் இருக்கு. நான் போனது அது இல்ல, வேற ஒண்ணு. ஃபேன் ஓடுது, பெஞ்சு இருக்கு, தண்ணி கேட்டா தர்றாங்க. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து டியூட்டிக்குப் போயிருந்தாங்க. அங்க இருந்த எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர் அம்மாகிட்ட மூணாவது தடவை.

அவங்க கெட்டவங்க இல்ல. கேட்டுட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "சனிக்கிழமை நடந்ததுக்கு வியாழக்கிழமை வர்றியே, நாலு நாள் என்ன பண்ணிட்டு இருந்தே?"

மல்லி என்னைப் பார்த்தா. நான் கடை நோட்டைப் பையிலேருந்து எடுத்தேன். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு இப்பவும் தெரியல, கல்லாச் சாவியோட சேர்ந்து வந்துடுச்சு. "ஃபால்ஸ் அடிச்சா மேடம். 26 புடவை. எழுதியிருக்கு"ன்னேன். அவங்க நோட்டைப் பார்க்கல. ஆனா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கல.

பின்னாடி எங்க வக்கீலம்மா சொன்னாங்க, 1996-லேயே பஞ்சாப் வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் எழுதி வச்சிருக்காம். இந்த மாதிரி விஷயத்துல பொண்ணும் குடும்பமும் யோசிச்சுத் தயங்குறது இயற்கை, லேட்டா வந்ததாலேயே புகாரைத் தள்ளக் கூடாதுன்னு. தீர்ப்பு வந்து முப்பது வருஷம் ஆயிடுச்சு. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் பெஞ்சு மேலேயே உட்கார்ந்திருக்கு.

எஸ்.எஸ்.ஐ. அம்மா அடுத்து சொன்னதுதான் முக்கியம். "சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன். அந்தாளைக் கூப்பிட்டு விசாரிப்போம். உங்க அக்காவையும் வரச் சொல்லு, உட்கார்ந்து பேசலாம். அக்கா வாழ்க்கையையும் பார்க்கணும்ல?" சி.எஸ்.ஆர்.னா மனுவை வாங்கினதுக்கு ரசீது, வழக்கு கிடையாது. பர்ஸ் தொலைஞ்சாலும் அதே சீட்டுதான். புருஷன் பொண்டாட்டி சண்டை, மாமியார் சண்டை, வரதட்சணைன்னு வர்ற குடும்பங்களைச் சேர்த்து வச்சு அனுப்பியே பழகின கை அது. அந்தப் பழக்கத்துல எது வந்தாலும் சேர்த்து வைக்கத்தான் பார்க்குது. கிழிஞ்சதெல்லாம் ஒட்டுப் போடுற கிழிசல் இல்ல மேடம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ஸ்டேஷன்ல எனக்கும் வாய் வராதுன்னு அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன்.

அந்தச் சீட்டை வாங்கிட்டு எதிர்ல இருந்த டீக்கடைக்கு வந்தோம். மல்லி சொன்னா, "போதும்க்கா, வேணாம். சீட்டு கொடுத்துட்டாங்கல்ல." இந்த இடத்துலதான் நிறையப் பேர் வீட்டுக்குப் போயிடறாங்கன்னு நினைக்கிறேன். புகார் கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். கணக்குல எங்கேயும் வராது.

டீக்கடை சுவத்துல ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு ஒட்டியிருந்துச்சு. 181, மகளிர் உதவி எண். போன் போட்டேன். ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க. மல்லிகிட்ட கொடுத்தேன், நாலாவது தடவை. ஆனா இந்தத் தடவை அவ பேசினது வேற மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கத்துக் குரல் ஏன்னு ஒரு தடவைகூடக் கேட்கலன்னு அப்புறம் சொன்னா. "இப்ப பாதுகாப்பா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" இந்த ரெண்டுதான் முதல்ல கேட்டிருக்காங்க. அஞ்சு ஸ்டார். 24 மணி நேரமும் எடுக்கிறாங்க, இலவசம், மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க.

அவங்க சொல்லித்தான் மறுநாள் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போனோம். சகின்னும் சொல்றாங்க. மத்திய அரசுத் திட்டம், 2015-லேருந்து இருக்கு. டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் வச்ச நிர்பயா நிதியிலேருந்து நடக்குது. போலீஸ், மருத்துவம், வக்கீல், கவுன்சலிங், அஞ்சு நாள் வரைக்கும் தங்க இடம் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. பத்து வருஷமா இருக்கிற விஷயம், முப்பது வருஷமா பொம்பளைங்களோடயே புழங்குற எனக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடிக்கு வைக்கிற பேனர்ல நூத்துல ஒரு பங்கு இதுக்கு வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கேஸ் ஒர்க்கர் ஒரு சின்னப் பொண்ணு, மல்லியைவிட நாலு வயசு பெரியவளா இருப்பா. அஞ்சாவது தடவை அவகிட்ட. அவ எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, "இனிமே வக்கீல்கிட்ட நீங்க மறுபடி சொல்ல வேணாம், நான் இதைக் கொடுத்துடறேன்"னா. இந்த ஒரு வார்த்தைக்கே இன்னொரு ஸ்டார் கொடுப்பேன், ஆனா அஞ்சுக்கு மேல போடச் சிஸ்டம் விடாது. வக்கீலம்மா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுலேருந்து வந்தவங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவசமா வக்கீல் தரணும்னு 1987-ம் வருஷச் சட்டம் சொல்லுதாம்.

அன்னிக்குக் காலையில நடந்ததை விட்டுட்டேன். கடை வாசல்ல மல்லியோட அக்கா வந்து நின்னா. சண்டைக்குத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். உள்ள வந்து ஸ்டூல்ல உட்கார்ந்தா. மல்லி உள்ரூம்ல இருந்தா, வெளிய வரல. அக்காகாரி என்னைப் பார்த்துப் பேசினா. "வாடகை ஒன்பதாயிரம். ரெண்டு புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ். எங்கம்மாவுக்கு மாசா மாசம் மாத்திரை, அதுவும் அவர் அனுப்புற காசு. அவரு உள்ள போனா இதெல்லாம் நீங்க கட்டுவீங்களா?" கத்தல, அழல. கடைக்கு வர்ற கஸ்டமர் லைனிங் துணிக்கு விலை கேட்கிற மாதிரி கேட்டா.

ஏன் பொண்ணுங்க சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு கேட்டா எல்லாரும் வெட்கம், மானம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. வெட்கம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தது வெட்கம் இல்ல, பட்ஜெட். மல்லியும் அந்த நாலு நாள் அதைத்தான் போட்டுப் பார்த்திருக்கா. தங்க இடம் போகும், அக்கா போவா, அம்மாவோட மாத்திரை போகும், கல்யாணம் தள்ளிப் போகும், அதுக்குப் பதிலா என்ன கிடைக்கும்? பலாத்கார வழக்குல கோர்ட்டுல முடியறதுல நாலுல ஒண்ணு சொச்சம்தான் தண்டனையில முடியுது. எந்த வியாபாரியும் இந்த விலைக்கு இந்தச் சரக்கை எடுக்க மாட்டான். எடுக்காதவளை பயந்தவன்னு சொல்றது என்ன நியாயம்?

அக்காகாரி எழுந்தா. போறப்ப ஒரு ஜவுளிக்கடைக் கவரைக் கட்டிங் டேபிள் மேல வச்சா. "அவ சாமான்"ன்னா. மல்லியோட ஆதார் கார்டு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், ரெண்டு செட் துணி. அடியில சுருட்டி இன்னொரு கவர். பிரிச்சுப் பார்த்தேன். சனிக்கிழமை மல்லி போட்டிருந்த டாப்ஸ். நான் தச்சது. அழுக்குத் துணி வாளியில போட்டுட்டேன்னு மல்லி சொல்லியிருந்தா. ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுல துணி துவைச்சிருக்காங்க. இது மட்டும் துவைக்காம இருந்துச்சு.

தெருவைப் பார்த்தேன். அவ முக்குத் திரும்பிட்டா.

கேஸ் ஒர்க்கரோட போனப்ப அதே மகளிர் ஸ்டேஷன் வேற ஸ்டேஷன் மாதிரி இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் இருந்தாங்க, ஆறாவது தடவை. இந்தத் தடவை தனி ரூம். வக்கீலம்மா ரொம்பப் பணிவா ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: இந்த மாதிரிக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடாம விட்டா போடாத அதிகாரிக்கே ஆறு மாசத்துலேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அதே புதுச் சட்டத்துல 199-வது பிரிவு. ஒரு மணி நேரத்துல எஃப்.ஐ.ஆர். காப்பி கையில. அதுவும் இலவசமா தரணும், கேட்டு வாங்குங்க. முதல் நாள் அரை ஸ்டார், ரெண்டாம் நாள் நாலு ஸ்டார், ஒரே ஸ்டேஷன். நடுவுல மாறினது எங்க கூட வந்த ஆள்தான். தனியாப் போறவளுக்கு இந்த ஸ்டேஷன் எத்தனை ஸ்டார்னு நீங்களே போட்டுக்கோங்க.

துணியை மகஜர், அதாவது கைப்பற்றினதுக்கான பட்டியல் எழுதி வாங்கினாங்க. பிளாஸ்டிக் கவர்லேருந்து எடுத்துக் காகிதக் கவர்ல போட்டாங்க. பிளாஸ்டிக்ல ஈரம் நின்னு தடயம் கெட்டுடுமாம். கான்ஸ்டபிள் பொண்ணு எழுதினதைப் படிச்சுக் காட்டினா: "பச்சை நிற டாப்ஸ் ஒன்று, தோள்பட்டையில் கிழிந்தது." நான் குறுக்க விழுந்தேன். அது பச்சை இல்ல, ராமர் பச்சை. தோள்பட்டை கிழியல, தையல் விட்டிருக்கு, துணி முழுசா இருக்கு. அந்தத் தோள்ல நான் டபுள் தையல் போட்டு ஓவர்லாக் அடிச்சிருந்தேன், தானா விடாது, ஒருத்தர் பிடிச்சு இழுத்தாத்தான் ரெண்டு வரியும் ஒரே இடத்துல அறுந்து நிக்கும். நூல் நுனியைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பொண்ணு பேனாவை வச்சுட்டு என்னைப் பார்த்துச்சு. இன்ஸ்பெக்டர் அம்மா, "அவங்க சொல்ற மாதிரியே எழுதும்மா"ன்னாங்க. எழுதினாங்க. (ராமர் பச்சை இல்ல அது, மேல சொன்னேன்ல, மாத்தியிருக்கேன். சண்டை நிஜம்.)

ஆஸ்பத்திரி பத்தி ரொம்பச் சொல்ல விரும்பல. காரிடார்ல ஒரு ஆள் "அந்த ரேப் கேஸ் யாரு? உள்ள வரச் சொல்லு"ன்னு கூப்பிட்டான், நாப்பது பேர் திரும்பினாங்க. அதுக்கு மைனஸ் போட வழி இருந்தா போட்டிருப்பேன். உள்ள இருந்த டாக்டரம்மா தங்கம். ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி என்ன, எதுக்குன்னு சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தொட்டாங்க. ஏழாவது தடவை. பழைய ரெண்டு விரல் சோதனை பத்தி மல்லி எங்கேயோ கேள்விப்பட்டு நடுங்கிட்டு இருந்தா. அதை நம்ம உயர் நீதிமன்றமும் சுப்ரீம் கோர்ட்டும் 2022-ல கண்டிச்சு, செய்யவே கூடாதுன்னு சொல்லியாச்சு, இங்க செய்ய மாட்டோம்னு டாக்டரே சொன்னாங்க. வெளியில வந்தப்ப மல்லி ரெண்டு இட்லி சாப்பிட்டா, புதன்கிழமைக்கு அப்புறம் முதல் தடவை.

எட்டாவது தடவை மாஜிஸ்திரேட் முன்னாடி. அடுத்த வாரம் நடந்துச்சு, பெண் மாஜிஸ்திரேட், கதவை மூடிட்டாங்க, என்னைக்கூட விடல, போலீஸையும் விடல. எங்கேயுமே நிக்க வைக்காம உட்கார வச்சுக் கேட்டது அங்கதான்னு மல்லி சொன்னா. அஞ்சு ஸ்டார், நான் உள்ள போகாமலே.

அந்த வாரம் ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டா: "அக்கா, என் எஃப்.ஐ.ஆர். ஆன்லைன்ல வருமா?" இந்தக் கேள்வி எங்கேருந்து வருதுன்னு சென்னையில எல்லாருக்கும் தெரியும். 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல ஒரு மாணவிக்கு நடந்தது. அந்தப் பொண்ணு உடனே புகார் கொடுத்தா. எல்லாரும் எப்படிச் செய்யணும்னு சொல்றாங்களோ அப்படியே செஞ்சா. அவ விவரத்தோட எஃப்.ஐ.ஆர். வெளியில வந்துடுச்சு, வாட்ஸ்அப்ல சுத்துச்சு. 2016-லேயே சுப்ரீம் கோர்ட், எஃப்.ஐ.ஆரையெல்லாம் இணையத்துல போடுங்க, பாலியல் வழக்கு மாதிரியானதைப் போடாதீங்கன்னு சொல்லியிருந்தும் அது நடந்துச்சு. உயர் நீதிமன்றம் மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிங்களை வச்சு விசாரணைக் குழு போட்டுது, அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. 2025 ஜூன்ல செஞ்சவனுக்கு 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. பொள்ளாச்சியிலயும் அப்படித்தான். 2019-ல புகார் கொடுத்த பொண்ணோட பேரை போலீஸ் அதிகாரியே பிரஸ் மீட்டுல சொல்லிட்டார். பல பொண்ணுங்களுக்கு நடந்த கொடுமை, அந்த ஒருத்தி கொடுத்த புகார்லதான் வெளிய வந்துச்சு. 2025 மே மாசம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை.

தீர்ப்பு ரெண்டும் அவளுக்குச் சொன்னேன். மல்லி கேட்டது தீர்ப்பைப் பத்தி இல்ல. "வராது"ன்னு சொன்னேன். வரல. ஆனா அடுத்த ஒரு மாசம் தினமும் காலையில எழுந்ததும் போனை எடுத்துத் தன் பேரைத் தேடிப் பார்த்துட்டுத்தான் பல் விளக்கினா.

எங்க கடையில திரைக்குப் பின்னாடிதான் அளவு எடுப்போம். டேப்பு உடம்புல படும்போது பொம்பளைங்க பேசுவாங்க, ஏன்னு தெரியாது. ஒரு ஆபீஸ்காரம்மா, மேனேஜர் பண்ணினதுக்கு ஆபீஸ் கமிட்டியில மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும்னு நாலாவது மாசம் தெரிஞ்சுக்கிட்டாங்க. காரணம் சொன்னா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம்னு 2013 சட்டத்துல இருக்கு, அதை யாரும் அவங்களுக்குச் சொல்லல. இன்னொருத்தி இடுப்புல டேப்பு வச்சதும் சுருங்கினா. புருஷன். அவ போய்ச் சொல்றதுக்கு ஸ்டேஷன்ல ஃபார்மே கிடையாது. பொண்டாட்டிக்கு 18 வயசு ஆகிட்டா அது பலாத்காரம் ஆகாதுன்னு சட்டத்துலேயே விலக்கு எழுதி வச்சிருக்கு. காலேஜ் பொண்ணுங்க கதை பஸ்ஸு, ட்ரெயினு. அதுங்க புகார்னு யோசிக்கிறதே இல்ல, ஊக்கு வச்சிருக்குதுங்க. 2019-லேருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, அடியோ பாலியல் கொடுமையோ பட்ட பொம்பளைங்கள்ல நூத்துக்கு 14 பேர்தான் யார்கிட்டயாவது உதவி கேட்டிருக்காங்க. 77 பேர் யார்கிட்டயும் வாயே திறக்கல. அந்த 77-ல எத்தனை பேர் என் அளவு நோட்டுல இருக்காங்களோ.

செலவுக் கணக்கு. எஃப்.ஐ.ஆர். நாள்லேருந்து இதுவரைக்கும் வேலைக்கு வராத நாள் 9, நாளுக்கு 550-ன்னா 4,950. ஆட்டோ 1,860. ஜெராக்ஸ், போட்டோ, டீ, பிஸ்கட் 340. மொத்தம் 7,150 ரூபாய். இலவசச் சேவைக்கு. லீவு போட்ட நாளுக்கும் நான் சம்பளம் கொடுத்தேன். அவ எக்ஸ்போர்ட் கம்பெனியில லைன்ல உட்கார்ந்திருந்தா மூணாவது நாளே வேற ஆளை உட்கார வச்சிருப்பாங்க. பலாத்கார வழக்குல ரெண்டு மாசத்துல விசாரணையை முடிக்கணும்னு சட்டம், எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு. போன் பண்ணி நிலவரம் கேட்டது எத்தனை தடவைன்னு எண்ணல, விட்டுட்டேன்.

ஒன்பதாவது தடவை போன மாசம், மகளிர் நீதிமன்றத்துல. இந்த வழக்கு மூடின கதவுக்குள்ளதான் நடக்கும், நான் வராண்டாவுல உட்கார்ந்திருந்தேன். குறுக்கு விசாரணை மட்டும் ஒன்றரை மணி நேரம். வெளிய வந்து பாட்டில் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சா. "அந்த டாப்ஸு டைட்டாதானே இருக்கும்னு அந்த வக்கீல் கேட்டாருக்கா"ன்னா. என் ரத்தம் கொதிச்சுது. ரெண்டரை இன்ச் லூஸ் வச்சுத் தச்ச டாப்ஸ் அது, நோட்டுல இருக்கு. "நீ என்னடி சொன்ன?" "நான் சொல்றதுக்குள்ள ஜட்ஜம்மா அந்தக் கேள்வி வேணாம்னு நிறுத்திட்டாங்க." கொஞ்ச நேரம் கழிச்சு, "சொல்லியிருப்பேன்க்கா. ரெண்டரை இன்ச்னு சொல்லியிருப்பேன்"னா.

மொத்தத்துல ரெண்டரை ஸ்டார். 181-ஐயும் சகியையும் எடுத்துட்டா ஒண்ணு. போறவங்க துணியைத் துவைக்காதீங்க, காகிதப் பையில வைங்க, தனியாப் போகாதீங்க, சி.எஸ்.ஆர். சீட்டோட திரும்பி வராதீங்க. ஒரு தண்ணி பாட்டில் வச்சுக்கோங்க.

அடுத்த வாய்தாவுக்கு அக்காகாரி சாட்சி. சம்மன் போயிருக்கு. வருவாளா, வந்தா எந்தப் பக்கம் பேசுவா, மல்லிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்னிக்குக் கடை லீவு. பிளவுஸ் கொடுத்தவங்க மறுநாள் பதினோரு மணிக்கு மேல வாங்க.